கடவுளுக்கு எதுக்கு சார் அடியாள்?

திருவாதவூரில் இருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஜாதி நான். ஜன்னல் சீட் கிடைத்தால் தூக்கம். கிடைக்காவிட்டால் வேடிக்கை. போன வாரம் சீட்டே கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன்.

முன்னால் ஒரு காலேஜ் பையனும் பொண்ணும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சுதான், வேறொன்றுமில்லை. ஏதோ அரியர் பேப்பர் விவகாரம். என் பக்கத்தில் தொங்கிய இளைஞர் ஒருவர் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார்: "இதையெல்லாம் தட்டிக் கேக்க ஊர்ல ஆளே இல்லாமப் போச்சு!"

எனக்கு சுருக்கென்றது. காரணம், ஒரு காலத்தில் அந்த 'ஆள்' நான்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் ஊர்க் கண்மாய் பெரிசு. நடுவில் புருஷாமிருகம் சிலை நிற்கும். ஒரு சாயங்காலம், கரையில் ஒரு பையனும் பொண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர். நாங்கள் அஞ்சு பேர். வேலை கிடையாது, சினிமா பார்த்து ஏற்றிக்கொண்ட வீரம் மட்டும் ஸ்டாக் இருந்தது. "ஊர் மானம் என்னாகுறது?" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஊர் மானத்தை எங்களிடம் யாரும் அடகு வைக்கவில்லை. நாங்களாக எடுத்துக்கொண்டோம். அந்தப் பொண்ணு அழ ஆரம்பித்தது. நான் அவன் பைக் சாவியைப் பிடுங்கிக் கண்மாய்க்குள் வீசினேன். என் பங்கு அது.

"அண்ணே... ஓனர் வண்டிண்ணே..." என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. ஒத்தக்கடை வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனானாம். அன்றைக்கு ராத்திரி பரோட்டாக் கடையில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, எனக்கு இரண்டு பரோட்டா ஓசியில் கிடைத்தது. மறைக்காமல் சொல்கிறேன் சார்... அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை. பரீட்சை எழுத வேண்டாம், இன்டர்வியூ கிடையாது, திடீரென்று நமக்கு ஒரு அதிகாரம்!

இந்தக் கதையை எங்கள் ஆபீஸ் பாயிடம் சொன்னேன். 'ஆபீஸ் பாய்' என்றால் டீ வாங்கி வருகிற பையன் இல்லை. சீனியர் சூப்பிரண்டு. சொந்த ஊர் கோரிப்பாளையம். எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுகிற 'பாய்'. ரிட்டயர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கிறவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சாவி கெடச்சுதா தம்பி?" என்றார்.

"எங்க பாய் கெடைக்கும்?"

"எங்க தெருவுலயும் இப்படி அஞ்சு பேரு கெளம்பினாங்க. நீங்க ஊர் மானம்னீங்க. அவங்க மார்க்கம்னாங்க. வித்தியாசம் அவ்வளவுதான்."

அப்புறம் பாய் சொன்ன கதை இது. அவருடைய அம்மா வியாழக்கிழமை தவறாமல் கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகிறவர். (என்னையும் சின்ன வயசில் காய்ச்சலோடு எங்கம்மா அங்கேதான் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்துக் கூட்டி வந்தாளாம். மதுரைக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்.) தெருவில் புதிதாக மார்க்கப் பேச்சு கேட்டு வந்த பையன்கள் சிலர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்கள். "தர்காவுக்குப் போறது மார்க்கத்துல இல்ல பெரியம்மா. இனிமே போகக் கூடாது" என்றார்கள். அந்தம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முன்னால் நின்றவனைப் பார்த்துக் கேட்டாராம்: "ஏன்டா, நீ பொறந்து மூச்சு வுடாமக் கெடந்தப்ப ஒங்க அம்மா எங்கடா தூக்கிட்டு ஓடுனா? கூட ஓடுனது யாருன்னு கேட்டுட்டு வா, போ!"

பையன்கள் போய்விட்டார்கள். ஆனால் அடுத்த வீட்டு வாசலில் நின்றார்கள். அந்த வீட்டில் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆள் இல்லை.

"தர்காவுக்குப் போகலாமா கூடாதான்னு எங்களுக்குள்ள ஆயிரம் விவாதம் இருக்கு தம்பி. அதைப் பேசட்டும். மேடை போட்டுப் பேசட்டும். ஆனா வாசல்ல அஞ்சு பேரா வந்து நிக்கறான் பாருங்க, அது பேச்சு இல்ல" என்றார் பாய்.

தர்கா வாசலில் ஆரம்பிக்கிற இந்தச் சின்னச் சண்டை எங்கே போய் முடியும் என்று தெரிய வேண்டுமானால் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இலங்கையில் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காத்தான்குடி. தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்கிற ஊர். அங்கே சஹ்ரான் ஹாஷிம் என்று ஒருவர். மணிக்கணக்கில் தமிழில் பேசுவார். முதலில் அவர் வாளைத் தூக்கியது யார் மேல்? சிங்களவர் மேலா, கிறிஸ்தவர் மேலா? இல்லை. சொந்த ஊர் சூஃபி முஸ்லிம்கள் மேல்! 2017 மார்ச் 10-ம் தேதி அலியார் சந்தியில் அவருடைய ஆட்களுக்கும் சூஃபிகளுக்கும் மோதல். சஹ்ரான் தலைமறைவானார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவரைப் பற்றி முதலில் சத்தம் போட்டது யார் என்பது. முஸ்லிம்கள்தான். அடிபட்ட சூஃபிகள் புகார் கொடுத்தார்கள். முஸ்லிம் அமைப்புப் பிரமுகர்கள் அரசாங்கத்திடம் எச்சரித்தார்கள். ஃபைல் தூங்கியது. (நாம் ஆபீஸ்காரர்கள். ஃபைல் எப்படித் தூங்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.) 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல். 250 பேருக்கு மேல் போனார்கள். ஷாங்க்ரிலா ஹோட்டலில் வெடித்தவர்களில் ஒருவர் சஹ்ரான். மறு மாதமே, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் வேறு ஊர்களில் தாக்கப்பட்டன.

பாய் இதைத்தான் சொன்னார். "அவன் அடிக்கறப்பவும் எங்களைத்தான் அடிக்கறான் தம்பி. அவன் அடிச்சதுக்குத் திருப்பி விழுற அடியும் எங்க மேலதான்."

பாய்க்கு இது பேப்பரில் படித்த சமாச்சாரம் இல்லை. 1997-ல் அவருக்கு கோயமுத்தூர் டிரான்ஸ்ஃபர். அந்த வருஷம் நவம்பர் 29-ம் தேதி உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். அல்-உம்மா ஆட்கள் செய்தது. அடுத்த ஒன்றிரண்டு நாள் கலவரம், துப்பாக்கிச் சூடு. 18 முஸ்லிம்கள் செத்தார்கள். கத்தியை எடுத்தவனுக்கும் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் 1998 பிப்ரவரி 14. வரிசையாகக் குண்டுகள். 58 பேர் பலி. குண்டுக்குப் பேர் கேட்டுத் தெரியாது, எல்லோரும்தான் செத்தார்கள். பாய் தங்கியிருந்த மாடி ரூம் ஓனர் நல்ல மனுஷராம். அழுதுகொண்டேதான் காலி பண்ணச் சொன்னாராம். "நாலு மாசம் ஆபீஸ் ரெக்கார்டு ரூம்ல படுத்தேன்" என்றார் பாய், ஏதோ பிக்னிக் போன மாதிரி சிரித்துக்கொண்டு.

அதே உக்கடம். இருபது வருஷம் கழித்து. 2017 மார்ச் 16, ராத்திரி. ஃபாரூக் என்று ஒரு இளைஞர், வயசு 31. பழைய இரும்பு வியாபாரம். மனைவி, இரண்டு குழந்தைகள். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். கடவுள் இல்லை என்று சொல்வார். வாட்ஸ்அப்பில் எழுதுவார். அவருக்கு ஒரு போன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெட்டிக் கொன்றுவிட்டார்கள். மதத்தை விட்டதும், அதைப் பற்றி எழுதியதும்தான் காரணம் என்றது போலீஸ். பிடிபட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. தெரிந்த முகங்கள்.

ஃபாரூக் எழுதியது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பாய்க்கே பிடிக்கவில்லை. ஐந்து வேளை தொழுகிறவர், எப்படிப் பிடிக்கும்? "எனக்கு அந்தப் பையன் பேசினது சுத்தமாப் பிடிக்கல தம்பி. எதுத்தாப்ல வந்தா நானே சண்டை போட்டிருப்பேன். வாயால!" என்றார். 'வாயால' என்பதை அழுத்திச் சொன்னார். அவர் மட்டுமில்லை. முஸ்லிம் அமைப்புகள் பலவும் அந்தக் கொலையைக் கண்டித்தன. எல்லோரையும்விடப் பெரிய கண்டனம் ஃபாரூக்கின் அப்பாவுடையது. அவர் நாத்திகர் இல்லை. மார்க்கத்தில் இருந்தவர். நாத்திகன் என்பதற்காக என் மகனைக் கொன்றார்கள் என்றால், அந்த இயக்கத்தில் நானும் சேருகிறேன் என்று அறிவித்தார். கொன்றவர்கள் கணக்கில் ஒருத்தர் குறையவேண்டும். ஒருத்தர் கூடிவிட்டார்!

நம்ம பக்கத்து மாநிலத்துக் கதை இன்னும் கொடுமை. தொடுபுழாவில் நியூமன் கல்லூரி. டி.ஜே. ஜோசப் அங்கே மலையாளப் பேராசிரியர். 2010-ல் அவர் தயாரித்த ஒரு கேள்வித்தாள். ஒரு பைத்தியக்காரன் கடவுளிடம் பேசுகிற உரையாடல், நிறுத்தற்குறி போடுக என்று கேள்வி. சினிமா டைரக்டர் பி.டி. குஞ்ஞு முகமதுவின் புத்தகத்தில் இருந்து எடுத்தது. அந்தப் பைத்தியக்காரனுக்கு 'முஹம்மது' என்று பேர் வைத்தார். நபியை அவமதித்துவிட்டார் என்று கொந்தளிப்பு. கேஸ் போட்டார்கள், கைது செய்தார்கள், கல்லூரி சஸ்பெண்ட் செய்தது. அதாவது, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. தப்பா இல்லையா என்று கோர்ட் சொல்லியிருக்கும். 2013-ல் சொல்லவும் சொன்னது, அவர் மேல் குற்றமில்லை என்று.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். 2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. மூவாற்றுப்புழாவில் சர்ச்சில் இருந்து வயசான அம்மாவுடனும் கன்னியாஸ்திரியான அக்காவுடனும் காரில் வந்துகொண்டிருந்தார். ஆம்னி வேன் குறுக்கே வந்து நின்றது. ஏழு பேர். கார் கண்ணாடியைக் கோடாலியால் உடைத்தார்கள். வலது கையை வெட்டி எறிந்தார்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்க.

ஆஸ்பத்திரியில் கையை ஒட்டவைக்க டாக்டர்கள் மணிக்கணக்கில் போராடினார்கள். ரத்தம் வேண்டும். வந்து கொடுத்தவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள். ஜமாஅத்தே இஸ்லாமியின் சாலிடாரிட்டி அமைப்புப் பிள்ளைகள். ஒருத்தன் மார்க்கத்தின் பெயரால் ரத்தத்தை எடுத்த அதே வாரத்தில், இன்னொருத்தன் அதே மார்க்கத்தின் பெயரால் ரத்தத்தைக் கொடுத்தான். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஏனென்றால், வெட்டினவன் பேர் நாட்டுக்கே தெரிந்தது. ரத்தம் கொடுத்தவன் பேர் உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

ஜோசப்புக்கு அத்தோடு விட்டதா என்றால் இல்லை. அவர் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி, அவரை டிஸ்மிஸ் செய்தது! சொந்தச் சபையே கைவிட்டது. வறுமை. மனைவி ஸலோமி 2014 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார். அதற்கப்புறம்தான் நிர்வாகத்துக்கு மனசு இளகி, திரும்ப வேலை கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு? மாசக் கடைசியில் ரிட்டயர்மென்ட். நாலு நாள்! மனுஷர் இடது கையால் எழுதப் பழகி, தன் கதையைப் புத்தகமாக எழுதினார். கேரள சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. வெட்டியவர்கள் பாப்புலர் ஃப்ரன்ட் ஆட்கள். 2015-ல் 13 பேர், 2023-ல் 6 பேர் குற்றவாளிகள் என்று கொச்சி என்.ஐ.ஏ. கோர்ட் சொன்னது. நடுவில் 2022 செப்டம்பரில் அந்த அமைப்பையே மத்திய அரசு தடை செய்தது. தடை பற்றி வேறு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். கோடாலி பற்றி இருக்க முடியாது.

"இதெல்லாம் அவங்க மதத்துல மட்டும்தான் சார்" என்று எனக்கு லெட்டர் போட இப்போதே சில பேர் பேனாவைத் திறந்திருப்பீர்கள். கொஞ்சம் மூடுங்கள். 2009 ஜனவரியில் மங்களூர் பப்பில் புகுந்து பொண்ணுங்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்தவர்கள் ஸ்ரீராம் சேனை. ராமர் சொல்லிவிட்டா அனுப்பினார்? கண்மாய்க் கரையில் சாவியை வீசின அடியேன் நெற்றியில் அன்றைக்குப் பட்டை பட்டையாக விபூதி.

சரி, இவர்களை எதிர்த்து ஜனங்கள் என்ன பண்ண முடியும்? இதற்கு நான் பார்த்த வரையில் தமாஷான பதில் இந்தோனேசியாவில் இருக்கிறது. உலகத்திலேயே முஸ்லிம்கள் அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்று. அங்கே 1998 ஆகஸ்ட்டில் ரிஸீக் ஷிஹாப் என்பவர் ஒரு கூட்டத்தை ஆரம்பித்தார். 'இஸ்லாம் பாதுகாப்பு முன்னணி.' சுருக்கமாக எஃப்.பி.ஐ.! (அமெரிக்காவுக்கு ராயல்டி கொடுத்தார்களா தெரியவில்லை.) வெள்ளை டிரெஸ், கையில் கம்பு. ரம்ஜான் வந்தால் மதுக்கடை, கிளப் எல்லாம் ரெய்டு. போலீஸ் பெரும்பாலும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். 2012-ல் பாடகி லேடி காகா ஜகார்த்தா பக்கமே வர முடியாமல் கச்சேரி ரத்து.

அதே 2012 பிப்ரவரி. போர்னியோ தீவில் பலங்கராயா என்று ஒரு ஊர். அங்கே கிளை ஆரம்பிக்க எஃப்.பி.ஐ. தலைவர்கள் பிளேனில் போய் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்று சொல்வது தப்பு. இறங்கவே இல்லை! ஊர்க்காரர்கள், தயாக் என்னும் பழங்குடி ஜனங்கள், நூற்றுக்கணக்கில் ரன்வேக்கே வந்துவிட்டார்கள். மற்ற பயணிகள் இறங்கினார்கள். இவர்கள் மட்டும் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்து, அதே பிளேனில் பக்கத்து ஊருக்குப் போனார்கள். மூன்றாவது நாள் தலைநகரிலேயே ஊர்வலம்: 'எஃப்.பி.ஐ. இல்லாத இந்தோனேசியா வேண்டும்.' அடுத்த வருஷம் ஜாவாவில் கெண்டல் என்ற இடத்தில், ரெய்டுக்குப் போன இவர்கள் கார் மோதி மோட்டார் பைக்கில் வந்த ஒரு பெண் செத்துப்போனாள். அவளும் முஸ்லிம்தான், துரத்தியடித்த ஊர்க்காரர்களும் முஸ்லிம்கள்தான். 2020 டிசம்பர் 30-ல் அரசாங்கம் அந்த அமைப்பைத் தடை செய்தது.

அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர் அப்துர்ரஹ்மான் வாஹித். ஜனங்களுக்கு 'குஸ் துர்'. பெரிய மார்க்க அறிஞர், தமாஷ் பேர்வழி. 1982-லேயே ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பின் பொருள், 'கடவுளைக் காப்பாற்ற யாரும் தேவையில்லை.' இதைப் பாயிடம் சொன்னேன். "எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க. கட்டுரையா எழுதத் தெரியல, மொறத்தை வச்சுட்டு சொன்னாங்க" என்றார்.

எனக்கு எங்கள் ஊர்க்காரர் ஞாபகம் வந்தது. திருவாதவூரர். மாணிக்கவாசகர் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு உதை வாங்கினவர். அவருக்காக வைகையில் வெள்ளம். கரை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கி, பாண்டியனிடம் பிரம்படி வாங்கினார். ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் வருஷா வருஷம் இது நடக்கிறது. எங்கள் ஊரில் இருந்து மாணிக்கவாசகரும் போய் வருவார். கதையில் கடவுள் அடி வாங்குகிறார், கவனியுங்கள். தன்னை அடித்த ராஜாவைத் தட்டிக் கேட்க ஆள் அனுப்பவில்லை. அந்த ஒரு அடி மட்டும் ராஜா முதுகில், ராணி முதுகில், குழந்தை முதுகில், ஊரில் இருந்த அத்தனை பேர் முதுகிலும் விழுந்தது. 

கோயமுத்தூர் ரெக்கார்டு ரூமில் நாலு மாசம் படுத்திருந்த பாய் இந்தக் கதையை எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார். "தெரியும் தம்பி. மதுரைக்காரன்தானே நானும்" என்றார்.

பஸ்ஸுக்கு வருவோம். "தட்டிக் கேக்க ஆளே இல்ல" என்ற இளைஞர் என்னைப் பார்த்து, "என்ன சார், நான் சொல்றது?" என்று ஆதரவு கேட்டார். நான் பெரிய தைரியசாலி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, அரியர் பேப்பர் பத்திதான் பேசிட்டு வர்றாங்க. எனக்கும் ரெண்டு அரியர் இருந்துச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பொண்ணு திரும்பிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து, "சார், நீங்க எந்த மேஜர்?" என்று கேட்டது.

ஒத்தக்கடை வந்தது. இளைஞர் இறங்கிப் போனார். எனக்கு சீட் கிடைத்தது. ஜன்னல் சீட். ஆனால் தூக்கம் வரவில்லை. ரோடு ஓரமாக யாரோ பஞ்சரான பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.